ஒன்று ஓடுகிறது, ஒன்று உட்கார்ந்தே இருக்கிறது: பிள்ளைகளின் துடிப்பு பற்றிப் பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பாலர் பள்ளியில் வேலை பார்க்கும் எனக்கு, மாலையில் பிள்ளைகளை அழைத்துப்போக வரும் அம்மா அப்பாக்களிடமிருந்து அதிகம் வரும் கேள்விகள் இவை. இரண்டு வயதிலிருந்து ஏழெட்டு வயது வரை உள்ள பிள்ளைகளுக்குப் பொருந்தும். வீட்டில் இரண்டு பேர், ஒன்று கால் தரையில் பாவாமல் திரிகிறது, இன்னொன்று வைத்த இடத்தில் இருக்கிறது என்று தவிக்கிறவர்களை மனத்தில் வைத்தே பதில் எழுதியிருக்கிறேன்.

ஒரே வயிற்றில் பிறந்தவை. ஒரே சாப்பாடு, ஒரே வீடு. ஏன் இவ்வளவு வித்தியாசம்?

துடிப்பு பெரும்பாலும் பிறவிக் குணம். "மூத்தவன் வயித்துக்குள்ளேயே உதைச்சுக்கிட்டே இருந்தான், இவ இருக்கிற இடமே தெரியல" என்று அம்மாக்கள் சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். அலெக்சாண்டர் தாமஸ், ஸ்டெல்லா செஸ் என்ற மனநல மருத்துவத் தம்பதி 1956-இல் நியூயார்க்கில் நூற்றுக்கும் மேற்பட்ட பிள்ளைகளைக் கைக்குழந்தையிலிருந்தே கவனித்து எழுத ஆரம்பித்தார்கள். அந்த ஆய்வு பல ஆண்டுகள் தொடர்ந்தது. பிள்ளையின் இயல்பை ஒன்பது கூறுகளாகப் பிரித்தார்கள். அதில் ஒன்று உடல் துடிப்பு. பசி, தூக்கம் நேரத்துக்கு வருவது, புது ஆளிடம் ஒட்டுவது, ஒரு வேலையில் நிலைத்திருப்பது போன்றவை மற்றவை. அவர்கள் பார்த்த பிள்ளைகளில் சுமார் 40 சதவீதம் வளர்க்க எளிதானவர்கள், 10 சதவீதம் சிரமமானவர்கள், 15 சதவீதம் மெதுவாகப் பழகுகிறவர்கள். மீதி 35 சதவீதம் எந்த வகையிலும் அடங்கவில்லை.

இரட்டையரை வைத்துச் செய்த ஆய்வுகளும் இதே பக்கம்தான் நிற்கின்றன. ஒரே கரு இரண்டாகப் பிரிந்து பிறந்தவர்கள் துடிப்பில் ஒத்துப்போகும் அளவுக்கு, இரு கருவில் உருவான இரட்டையர் ஒத்துப்போவதில்லை.

அப்படியானால் வளர்ப்புக்கு வேலையே இல்லையா?

நிறைய இருக்கிறது. தாமஸ்–செஸ் சொன்னதில் எனக்கு மிகவும் உதவியது 'பொருத்தம்' என்ற யோசனைதான். பிள்ளையின் இயல்பைத் தனியாகப் பார்க்கக்கூடாது. அது வாழும் வீட்டோடும் பெரியவர்களின் எதிர்பார்ப்போடும் அந்த இயல்பு எப்படிப் பொருந்துகிறது என்று பார்க்க வேண்டும். ஊரில் ஆச்சி வீட்டுக்குப் போனால் காலையில் இறங்கி ஓடி, சாப்பாட்டுக்கு மட்டும் திரும்பும் பையனைப் பற்றி யாரும் புகார் சொல்வதில்லை. அதே பையன் வேளச்சேரியில் மூன்றாவது மாடி ஃப்ளாட்டுக்குத் திரும்பியதும் 'அடங்காதவன்' ஆகிவிடுகிறான். பையன் மாறவில்லை, இடம் மாறிவிட்டது. இயல்பை நாம் மாற்ற முடியாது. வீட்டின் நேர ஒழுங்கை, இடத்தை, நம் பேச்சை மாற்ற முடியும். அது முழுக்க நம் கையில்தான் இருக்கிறது.

துறுதுறுவென்று இருப்பவனை எப்படி அடக்குவது?

அடக்குவதை விட்டுவிடுங்கள். அவன் உடம்புக்கு அசைவு வேண்டும். அதை நீங்கள் கொடுக்காவிட்டால் சோபாவிலிருந்து குதித்து, கதவில் தொங்கி அவனே எடுத்துக்கொள்வான்.

எவ்வளவு வேண்டும் என்பதற்குக் கணக்கு உண்டு. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் வெளியிட்ட வழிகாட்டலின்படி, ஒரு வயதிலிருந்து நான்கு வயது வரை உள்ள பிள்ளைகள் நாள் முழுக்கப் பரவலாகக் குறைந்தது 180 நிமிடம் உடல் அசைவில் இருக்க வேண்டும். மூன்று, நான்கு வயதுக்காரர்களுக்கு அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்கும் அளவுக்கு ஓட்டமும் ஆட்டமுமாக இருக்க வேண்டும். இது எல்லாப் பிள்ளைகளுக்கும் பொதுவான குறைந்தபட்ச அளவு. துடிப்பு அதிகமான பிள்ளைக்கு இதுவே போதாது. எல்கேஜியில் காலை முழுக்க பெஞ்சில் உட்கார்ந்து, வேனில் உட்கார்ந்து, வீட்டுக்கு வந்ததும் "கை கால் கழுவிட்டு ஹோம்வொர்க் எழுது" என்றால் அவன் என்ன செய்வான்?

அதனால் மாலை நேரத்தின் வரிசையை மாற்றுங்கள். முதலில் ஓட்டம், அப்புறம் சாப்பாடு, அதன் பிறகுதான் எழுத்து. இந்த ஒரு மாற்றத்திலேயே வீட்டில் சத்தம் குறைந்தது என்று சொன்ன பெற்றோர் உண்டு.

இன்னொன்று, பளு உள்ள வேலை. சும்மா ஓடுவதைவிடத் தூக்குவது, தள்ளுவது, இழுப்பது, பிசைவது சில பிள்ளைகளைச் சீக்கிரம் நிதானத்துக்குக் கொண்டுவருகிறது. எங்கள் பள்ளியில் ஐந்து வயதுப் பையன் ஒருவன், கதை நேரத்தில் பக்கத்திலிருப்பவர்கள் மேலெல்லாம் சாய்வான், உருளுவான். கதைக்கு முன்னால் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றும் வேலையை ஆயாம்மா அவனிடம் கொடுத்தார். சின்ன வாளியில் பாதி தண்ணீர். குழாயடியிலிருந்து மதில் ஓரம்வரை சிந்தாமல் கொண்டுபோக வேண்டும். முதல் நடைக்குத் தண்ணீர் பாதி அவன் கால்சட்டையில்தான் இருந்தது. இரண்டாவது நடையில் உதட்டைக் கடித்துக்கொண்டு வாளியையே பார்த்து நடந்தான். மூன்று செடிக்கு ஊற்றிவிட்டு உள்ளே வந்தவன், சம்மணம் போட்டு உட்கார்ந்து கதை முடியும்வரை எழுந்திருக்கவில்லை. எல்லா நாளும் இப்படி நடந்தது என்று சொல்ல மாட்டேன். பெரும்பாலான நாள் நடந்தது.

வீட்டில் சப்பாத்தி மாவு பிசையக் கொடுங்கள். துவைத்த துணியைப் பிழிந்து உதறச் சொல்லுங்கள். அரிசி டப்பாவைத் தள்ளிக்கொண்டு வரச் சொல்லுங்கள். வேலை சுத்தமாக நடக்காது. பரவாயில்லை.

இடமே இல்லை. கீழே விட்டால் வண்டி, மாடியில் விட்டால் பயம். என்ன செய்வது?

இந்தக் கேள்வியில் உள்ள கஷ்டம் உண்மையானது. தெருவில் கிளித்தட்டு ஆடிய காலம் போய்விட்டது. கையளவு இடத்தில் செய்யக்கூடியவை சில உண்டு. தரையில் சாக்பீஸால் பாண்டிக் கட்டம் போட்டால் நொண்டியடித்தே களைத்துவிடுவார்கள். தலையணைகளை வரிசையாகப் போட்டு 'ஆற்றைத் தாண்டலாம்'. கயிற்றுக் கட்டிலோ, பலமான கொக்கியில் மாட்டிய ஊஞ்சலோ இருந்தால் பாதிக் கவலை தீரும். பூங்கா பக்கத்தில் இருந்தால், காலையில் பள்ளிக்கு முன் இருபது நிமிடம் அங்கே போய் வருவது வாரக் கடைசியில் ஒரே நாள் கடற்கரைக்குப் போவதைவிட மேல். மொட்டை மாடி என்றால் கைப்பிடிச் சுவர் எவ்வளவு உயரமாக இருந்தாலும் பெரியவர் ஒருவர் கூடவே நிற்க வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை.

இனிப்பு சாப்பிட்டால் ஆட்டம் அதிகமாகிறதே?

அப்படித்தான் நமக்குத் தோன்றுகிறது. ஆனால் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது சர்க்கரைக்கும் பிள்ளைகளின் துடிப்புக்கும் தொடர்பு தெரியவில்லை. 1994-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஐந்து முதல் ஏழு வயதுப் பையன்களுக்குச் சர்க்கரையே இல்லாத பானத்தைக் கொடுத்துவிட்டு, அம்மாக்களில் பாதிப் பேரிடம் மட்டும் "சர்க்கரை கொடுத்திருக்கிறோம்" என்று சொன்னார்கள். அப்படிச் சொல்லப்பட்டவர்கள் தங்கள் பையன் அதிகம் ஆடினான் என்று மதிப்பிட்டார்கள். பையனைக் குறை சொன்னதும் அவர்கள்தான் அதிகம். பிறந்தநாள் விழாவில் பிள்ளைகள் துள்ளுவதற்குக் கேக்கைவிடக் கூட்டம்தான் காரணம். பல்லுக்காகவும் எடைக்காகவும் இனிப்பைக் குறையுங்கள். அமைதியாகிவிடுவான் என்று எதிர்பார்த்துக் குறைக்க வேண்டாம்.

ராத்திரி பதினொன்று ஆனாலும் ஆடுகிறான். இன்னும் களைக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

அனேகமாக, களைத்துக் களைப்பையும் தாண்டிவிட்டான் என்று அர்த்தம். நமக்குத் தூக்கம் வந்தால் கண் சொக்கும். சிறு பிள்ளைகளில் பலருக்குத் தூக்கம் தவறினால் ஆட்டம் ஏறும். ஒன்று, இரண்டு வயதுக்கு 11 முதல் 14 மணி நேரம், மூன்று, நான்கு வயதுக்கு 10 முதல் 13 மணி நேரம் தூக்கம் வேண்டும், பகல் தூக்கத்தையும் சேர்த்து. காலை ஆறரைக்கு எழுப்ப வேண்டிய நான்கு வயதுப் பிள்ளை, பகலில் தூங்காவிட்டால், இரவு எட்டரைக்குள் கண்ணயர வேண்டும். அப்பா ஒன்பதரைக்கு வேலையிலிருந்து வந்து தூக்கிப் போட்டு விளையாடும் வீடுகளில் இது நடக்காது. அப்பாவின் அன்பில் குறை சொல்ல எதுவும் இல்லை. அந்த விளையாட்டைக் காலைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

படுக்கும் முன் போன் வேண்டாம். இந்த வயதுக்குத் திரை நேரம் நாளுக்கு ஒரு மணி நேரத்தைத் தாண்டக்கூடாது என்பது அதே உலக சுகாதார நிறுவன வழிகாட்டல். இரண்டு வயது ஆகும்வரை அதுவும் வேண்டாம்.

தூங்கும்போது பெரும்பாலான நாள் குறட்டை விடுகிறான், வாயால் மூச்சு விடுகிறான் என்றால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டுங்கள். மூக்கின் பின்னால் உள்ள சதை வீங்கி மூச்சை மறித்தால், எத்தனை மணி நேரம் படுத்தாலும் நல்ல தூக்கம் இருக்காது. பகல் முழுக்க அந்த எரிச்சல் ஆட்டமாக வெளிப்படும்.

இளையவள் ரொம்ப அமைதி. தொந்தரவே இல்லை. அவளைப் பற்றிக் கவலைப்பட ஏதாவது இருக்கிறதா?

இந்தக் கேள்வியை யாராவது கேட்டால் எனக்குச் சந்தோஷமாக இருக்கும், ஏனென்றால் கேட்பவர்கள் குறைவு. என் அனுபவத்தில், இப்படி இரண்டு பிள்ளை உள்ள வீட்டில் அதிகம் இழப்பது அமைதியான பிள்ளைதான். ஓடுகிறவனுக்குத் திட்டாவது கிடைக்கிறது. அவன் பெயர் நாள் முழுக்க வீட்டில் ஒலிக்கிறது. இவளுக்கு "தங்கம், சமத்து" என்று ஒரு வார்த்தை, அத்தோடு சரி. அவள் எதையும் கேட்பதில்லை என்பதால் யாரும் எதையும் கொடுப்பதில்லை.

அவளைக் கவனிக்க வேறு கண் வேண்டும். எங்கள் வகுப்பில் ஒரு பெண்பிள்ளை, மூன்று வாரமாக மணல் தொட்டியின் ஓரத்தில் நின்று மற்றவர்கள் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். கூப்பிட்டால் தலையாட்டி மறுப்பாள். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன், கூப்பிடவில்லை. கொஞ்ச நேரத்தில் தானாகவே சொன்னாள்: "அந்த அண்ணா தினம் நீலச் சட்டிதான் எடுப்பாங்க. அது உடைஞ்சிருக்கு மிஸ், மண்ணு ஒழுகும்." எல்லாரையும், எல்லாவற்றையும் பார்த்து வைத்திருந்தாள். அடுத்த வாரம் தொட்டிக்குள் இறங்கினாள், ஒழுகாத சட்டியோடு.

இவர்கள்தான் மெதுவாகப் பழகுகிற வகை. தள்ளினால் பின்வாங்குவார்கள். காத்திருந்தால் வருவார்கள். கல்யாண வீட்டில் வாசலிலேயே "மாமாவுக்கு ஒரு பாட்டுப் பாடு" என்று நிறுத்தாதீர்கள். கூட்டம் சேரும் முன்பே போய்விட்டால் அவளுக்கு மண்டபம் பழகிவிடும். தினமும் அவளோடு மட்டும் பத்து நிமிடம் இருங்கள், அண்ணன் இல்லாமல். கீரை ஆயலாம், பட்டாணி உரிக்கலாம், பேசாமல்கூட இருக்கலாம். அவளுக்கும் உடல் அசைவு வேண்டும் என்பதை மறக்க வேண்டாம். அந்த 180 நிமிடக் கணக்கு அவளுக்கும் சேர்த்துத்தான். ஓட்டப்பந்தயத்துக்கு வராதவள் கையைப் பிடித்துக் கடைக்கு நடந்து வருவாள், கொலு நேரத்தில் கோலாட்டம் ஆடுவாள், தண்ணீரில் இறங்கினால் ஏறவே மாட்டாள்.

அமைதி என்கிறீர்கள். எனக்கு அவள் சோர்வாக இருப்பதுபோலத் தெரிகிறதே?

பிறந்ததிலிருந்தே நிதானமான பிள்ளை வேறு, முன்பு ஓடியவள் இப்போது படுத்தே கிடக்கிறாள் என்பது வேறு. இரண்டாவது என்றால் தள்ளிப்போட வேண்டாம்.

முதலில் பார்க்க வேண்டியது இரத்தசோகை. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயதுக்குள் இருக்கும் பிள்ளைகளில் 67 சதவீதம் பேருக்கு இரத்தசோகை. மூன்றில் இரண்டு பேர். வசதியான வீடுகளிலும் உண்டு. "சாப்பிட மாட்டேங்கிறா, பாலாவது குடிக்கட்டும்" என்று நாளுக்கு அரை லிட்டருக்கு மேல் பால் கொடுத்தால், சாப்பாட்டுக்கு வயிற்றில் இடம் இருக்காது. பாலில் இரும்புச்சத்து மிகக் குறைவு. சாப்பாட்டோடு டீ கொடுப்பதும் இரும்புச்சத்து சேர்வதைத் தடுக்கும். கண் இமையின் உட்புறம், நாக்கு, உள்ளங்கை வெளுத்திருக்கிறதா, மண்ணோ சாக்பீஸோ தின்கிறாளா என்று பாருங்கள். ஒரு ஹீமோகுளோபின் பரிசோதனை போதும், ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே செய்யலாம். ஆறு மாதம் முதல் ஐந்து வயது வரை உள்ளவர்களுக்கு அரசே இரும்புச்சத்து மருந்து கொடுக்கிறது, அங்கன்வாடியில் கேளுங்கள்.

காதையும் சோதியுங்கள். சளி அடிக்கடி பிடிக்கும் பிள்ளைக்குச் செவிப்பறைக்குப் பின்னால் நீர் தேங்கிக் கேட்கும் திறன் குறையலாம். அப்படிப்பட்ட பிள்ளைக்குத்தான் சாது என்று பெயர் வாங்கித் தருகிறோம்.

இருவரையும் சேர்த்து விளையாட விட்டால் ஐந்து நிமிடத்தில் அழுகை. என்ன செய்யலாம்?

எப்போதும் சேர்ந்தே விளையாட வேண்டும் என்று கட்டாயம் இல்லை. அமைதியான பிள்ளைக்கு வீட்டில் ஒரு மூலை இருக்கட்டும், சாப்பாட்டு மேசைக்கு அடியில் ஒரு பாய் போட்டால்கூடப் போதும். அங்கே அண்ணன் அனுமதி கேட்டுத்தான் நுழைய வேண்டும் என்பது சட்டம். அவள் அடுக்கியதை அவன் தட்டிவிட்டால், "அண்ணன்தானே, விடு" என்று அவளைச் சமாதானப்படுத்தி முடிக்காதீர்கள். திரும்ப அடுக்க அவன் உதவட்டும்.

சேர்ந்து ஆடுவதற்கு, இரண்டு விதமான வேலையும் உள்ள ஆட்டமாக எடுங்கள். கண்ணாமூச்சியில் ஒளிந்து அசையாமல் இருப்பதில் அவள் கெட்டிக்காரி, தேடி ஓடுவதில் அவன். கடை விளையாட்டில் அவள் கல்லாவில் உட்காரட்டும், அவன் சரக்கு தூக்கட்டும். தாயம் உருட்டினால், காய் வெட்டுப்பட்டதும் அவன் எழுந்து ஒரு சுற்று ஓடிவிட்டு வரலாம் என்று வைத்துக்கொள்ளுங்கள், ஆட்டம் உடையாது.

மாமியாரும் சொந்தக்காரர்களும் ஒப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்கள். எப்படி நிறுத்துவது?

"இவன் வாலு, இவ அம்மாஞ்சி" என்று சொல்வதில் அவர்களுக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் பிள்ளை அதைக் கேட்டு, தான் அதுதான் என்று நம்ப ஆரம்பிக்கிறது. எதிர்த்துப் பேசுவதைவிட வேலை கொடுப்பது பலிக்கும். "அத்தை, இவளுக்கு உங்ககிட்டதான் பல்லாங்குழி பிடிச்சிருக்கு, கொஞ்சம் கூட உட்காருங்க." "மாமா, இவனை வாக்கிங் கூட்டிட்டுப் போங்க, நீங்க சொன்னாத்தான் கேட்பான்." பிள்ளையைத் தனியாகப் பழகிப் பார்த்த பெரியவர், ஒப்பிடுவதைத் தானே குறைத்துக்கொள்வார். நீங்களும் "அண்ணனைப் பாரு", "தங்கச்சியைப் பாரு" என்ற இரண்டையும் நிறுத்த வேண்டும்.

பெண்பிள்ளை இப்படி ஓடலாமா?

ஓடலாம். பையன்கள் சராசரியில் கொஞ்சம் அதிகத் துடிப்பு என்று ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் பெண்பிள்ளைகளுக்குள்ளேயே இருக்கும் வித்தியாசம் அதைவிடப் பெரிது. மரம் ஏறும் பெண்ணை "பொம்பளப் புள்ளையா லட்சணமா இரு" என்பதும், அமைதியான பையனைக் கேலி செய்வதும் ஒரே அளவுக்கு அநியாயம்.

பிள்ளையின் வேகத்துக்கு என்னால் முடியவில்லை. நான் மோசமான அம்மாவா?

இல்லை. உங்களுக்கும் பிறவியில் ஒரு துடிப்பு அளவு உண்டு. நிதானமான அம்மாவுக்குப் பம்பரமாகச் சுழலும் பிள்ளையும், பரபரப்பான அப்பாவுக்கு ஆடி அசைந்து சாப்பிடும் பிள்ளையும் வாய்த்தால் உரசல் வரத்தான் செய்யும். வீட்டில் யார் யாரோடு ஒத்துப்போகிறார்கள் என்று பார்த்து வேலையைப் பிரியுங்கள். ஓட்டத்துக்கு அப்பா, சித்தப்பா, பக்கத்து வீட்டு அக்கா. உங்கள் பங்கு கதையாக இருக்கலாம், குளியலாக இருக்கலாம். முடியாத நேரத்தில் நீங்கள் திண்ணையில் உட்கார்ந்துகொண்டு அவனை மட்டும் ஓடவிட்டு நேரம் பாருங்கள். "அந்த வேப்பமரத்தைத் தொட்டுட்டு வா, எத்தனை எண்ணுறேன் பாரு" என்றால் சளைக்காமல் ஓடுவான். நீங்கள் எண்ணினால் போதும்.

பள்ளியில் "ஹைப்பராக இருக்கிறான், டாக்டரிடம் காட்டுங்கள்" என்கிறார்கள். எப்போது காட்டுவது?

துடிப்பு மட்டும் நோய் இல்லை. பிடித்த விளையாட்டில், கதையில், பில்டிங் பிளாக்கில் நிலைத்து உட்கார முடிகிறதா, பாட்டி வீட்டில் சரியாக இருக்கிறானா என்று முதலில் பாருங்கள். கவனக்குறைவு மிகைத்துடிப்புக் கோளாறு, அதாவது ஏடிஎச்டி, என்று சொல்ல வேண்டுமானால் அறிகுறிகள் குறைந்தது ஆறு மாதம் நீடிக்க வேண்டும். வீடு, பள்ளி என்று ஒன்றுக்கு மேற்பட்ட இடங்களில் தெரிய வேண்டும். வயதுக்கு மீறியதாக இருந்து, படிப்பையோ பழக்கத்தையோ பாதிக்கவும் வேண்டும். நான்கு வயதுக்கு முன் பொதுவாக அந்த முடிவுக்கு வருவதில்லை. ஆறு வயதுக்குள் உறுதியானாலும் முதல் சிகிச்சை மருந்து அல்ல, பெற்றோருக்கான பயிற்சி. வாசலைத் தாண்டி வண்டிகளுக்கு நடுவே ஓடுவது, உயரத்துக்குப் பயப்படாமல் திரும்பத் திரும்ப அடிபடுவது போன்றவை இருந்தால் காத்திருக்காமல் காட்டுங்கள்.

அமைதியான பிள்ளைக்கும் இதே கேள்வி உண்டு. ஒரு வயதிலும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, ஒன்றரை வயதிலும் ஒரு சொல்லும் வரவில்லை, விரலால் எதையும் சுட்டிக் காட்டுவதில்லை, பேசிக்கொண்டிருந்த பேச்சு நின்றுபோனது என்றால் "அவங்க அப்பாவும் லேட்டாத்தான் பேசினாரு" என்று ஆறுதல் சொல்லிக்கொண்டு இருக்க வேண்டாம்.

குழந்தை மருத்துவரிடம் தொடங்குங்கள். 2013 முதல் நடக்கும் தேசியச் சிறார் நலத் திட்டத்தில் பிறந்ததிலிருந்து 18 வயது வரை வளர்ச்சிக் குறைபாடுகளை இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள். அங்கன்வாடிக்கும் அரசுப் பள்ளிக்கும் வரும் மருத்துவக் குழுவிடம் சொல்லலாம், அவர்கள் மாவட்ட அளவிலான மையத்துக்கு அனுப்புவார்கள். போகும்போது பிள்ளை வீட்டில் விளையாடும் இரண்டு மூன்று நிமிட வீடியோவைப் போனில் எடுத்துக்கொண்டு போங்கள். மருத்துவரின் அறையில் ஓடுகிறவன் பயந்து உட்கார்ந்துவிடுவதும் உண்டு, அமைதியானவள் அழுது ஊரைக் கூட்டுவதும் உண்டு.